வாடகை வீட்டுத் தோட்டத்தில் நாலு கோழி



போளூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள் மனப்பாடம் ஆகியிருக்கும். எத்தனை பேர், என்ன வேலை, தண்ணீர் எவ்வளவு புழங்குவீர்கள், அட்வான்ஸ் எப்போது கொடுப்பீர்கள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, சாவி கைக்கு வரும் நேரத்தில் குடிவருகிறவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்.

“பின்னாடி தோட்டம் சும்மாதானேக்கா கெடக்குது, ரெண்டு கோழி வச்சிக்கலாமா?”

“அதெல்லாம் வேணாம்மா. வாடை அடிக்கும். பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்க.”

பேச்சு அதோடு முடிந்துவிடும். வீடு கிடைத்ததே பெரிது என்று குடிவருகிறவரும் விட்டுவிடுவார்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகப் போளூருக்குக் குடிவந்த வாசகி ஒருவர் இதைத்தான் எழுதியிருக்கிறார். வளர்த்த கோழிகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாராம். சின்ன மகள் இன்னும் அந்தக் கோழிகளின் பெயரைச் சொல்லிக் கேட்கிறாளாம். “வாடகை வீட்டில் இருப்பவர்கள் கோழி வளர்ப்பது சட்டப்படி தப்பா ஐயா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார். இந்த மாதப் பக்கத்தை அவருடைய கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். அவரைப் போலக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் உண்டு.

முதலில் சட்டம். வாடகை பற்றித் தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் அதில்தான் வருகின்றன. யார் எதைப் பராமரிக்க வேண்டும் என்ற பட்டியலும் அதில் இருக்கிறது. சுவர், கூரை வேலையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைதாரர் புழங்கும் தோட்டத்தையும் திறந்தவெளியையும் பராமரிப்பது வாடகைதாரரின் பொறுப்பு. ஆக, நம் வாசகி தப்பு எதையும் கேட்கவில்லை. நாலு கோழி வைப்பதும் வைக்காததும் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம். பெரும்பாலும் யாரும் உட்காருவதில்லை, பேசுவதில்லை. தெருவில் கேட்டுத் தெருவிலேயே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் இது எப்படி இருக்கிறது என்று தேடியபோது இங்கிலாந்தின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே முட்டைக்கு ரேஷன். முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்தவர்களுக்குக் கோழித் தீவனம் கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கொல்லைகளில் கோழி வளர்ந்தது. போர் முடிந்த பிறகு வந்த தோட்ட நிலங்கள் பற்றிய அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வியாபாரத்துக்கு இல்லாமல் வீட்டுத் தேவைக்காகப் பெட்டைக்கோழியும் முயலும் வளர்ப்பதைத் தடுக்க முடியாது, குத்தகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்கிறது. சுகாதாரக் கேடாகவோ பிறருக்குத் தொந்தரவாகவோ இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. சேவலுக்கு அந்த உரிமை இல்லை. வாடகை வீட்டில் இருக்கிற ஏழைக் குடும்பத்துக்கும் ஒரு முட்டை தன் கொல்லையிலேயே கிடைக்கட்டும் என்று ஒரு நாடாளுமன்றம் யோசித்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு பிரிவு வந்தால் நல்லது. அது வரும்வரை வீட்டுக்காரரின் மனசுதான் சட்டம். அந்த மனசோடு பேசத்தான் மீதிப் பக்கம்.

போளூருக்குக் கோழி வெளியூர்ச் சங்கதி இல்லை. ஊருக்கு மேற்கே நிற்கும் ஜவ்வாது மலைக் காட்டில் இன்றைக்கும் சாம்பல் காட்டுக்கோழி திரிகிறது. தீபகற்ப இந்தியாவை விட்டு அதிகம் வெளியே போகாத பறவை அது. வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பது பள்ளிப் பாடம். ஆனால் உலகம் முழுக்கப் பல கோழிகளுக்கு இருக்கும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2008இல் மரபணுவைப் பார்த்துச் சொன்னது. எந்த நாட்டுப் பண்ணையில் மஞ்சள் கால் கோழி நடந்தாலும் நம் மலைக்காட்டுப் பறவையின் சொந்தம் அதில் இருக்கிறது. (காட்டுக்கோழியையோ அதன் முட்டையையோ எடுத்து வந்து வளர்க்க யாரும் முயல வேண்டாம். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) தாய்லாந்தில் கிடைத்த பழைய எலும்புகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வும் எனக்குப் பிடித்தது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்னால் நெல்லும் சிறுதானியமும் விளைந்த வயல்களைத் தேடிக் காட்டுக்கோழிகள் தாமாகவே மனிதர் பக்கம் வந்தன என்கிறது அது. சாமை காயும் களத்தைச் சுற்றிக் கோழி மேய்வதை மலையில் பார்த்தவர்களுக்கு இதை நம்புவதில் கஷ்டம் இருக்காது.

வளர்த்த பிராணியை இந்த மண் எப்படி மதித்தது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. நம் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் வீரன் ஒருவனுக்கு எடுத்த நடுகல்லில், திருடர்களைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற நாயையும் பொறித்து வைத்தார்கள். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையில் இறந்த சேவலுக்கு நடுகல் இருக்கிறது. சேவற்சண்டையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு சேவலுக்கு ஊரே கல் நட்ட நிலத்தில், நாலு பெட்டைக்கோழிக்கு ஒரு மூலை இல்லை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்காரர்களின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு. வாடை, சத்தம், பாம்பு, பூச்செடி பாழாவது என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் எங்கேயாவது நடந்ததுதான். கவனமாக வளர்த்தால் ஒவ்வொன்றையும் தவிர்க்கலாம்.

வாடைக்குக் காரணம் ஈரம். எச்சம் காய்ந்துவிட்டால் வாடை இல்லை. கூண்டுக்குள் மூன்று நாலு விரல் உயரத்துக்கு உமியோ மல்லாட்டைத் தோலோ பரப்புங்கள். ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகள், நம்மைச் சுற்றி மல்லாட்டைக் காடு, இரண்டுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. தினம் ஒரு தரம் குச்சியால் கிளறிவிட்டு, நனைந்த இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுப் புதுசு பரப்பினால் போதும். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நனைவதுதான் பாதி வாடைக்குக் காரணம், அதனால் கிண்ணத்தை ஒரு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அள்ளிய குப்பையை இலைதழையோடு குழியில் போட்டு மக்கவிடுங்கள். பச்சையாக வேரில் கொட்டினால் செடி கருகும். மக்கியதை வீட்டுக்கார அம்மாவின் மல்லிச்செடிக்கு ஒரு கூடை போட்டுப் பாருங்கள், அடுத்த பூ சீசனில் அவரே உங்கள் கட்சி.

கூண்டைத் தரையில் பதித்துக் கட்டாதீர்கள். வாடகை வீட்டில் சுவரோடு சேர்த்துச் செங்கல் அடுக்கினால் அன்றைக்கே தகராறு. நாலு கால் வைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கி, இரண்டு பேர் தூக்கினால் நகர்கிற மாதிரி மரத்திலோ இரும்பிலோ செய்துகொள்ளுங்கள். நாட்டுக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இருந்தால் ராத்திரிக்குப் போதும். உள்ளே ஏறி உட்கார ஒரு கழி கட்டாயம். கோழி தரையில் தூங்க விரும்பாது. வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும். பெரிய கண் வலைக்குள் எலி போகும், எலியைத் தேடிப் பாம்பு போகும், கீரி கையை விட்டுக் கழுத்தைப் பிடிக்கும். கோழி வளர்த்தால் பாம்பு வரும் என்பார்கள். அதை அழைத்து வருவது பெரும்பாலும் ராத்திரி சிந்திக் கிடக்கும் தீவனமும் அதைத் தின்ன வரும் எலியும் எடுக்காமல் விட்ட முட்டையும்தான். பொழுது சாய்வதற்குள் இரையைத் துடைத்தெடுத்து முட்டையையும் எடுத்துவிட்டால் அந்தப் பயம் வெகுவாகக் குறையும்.

பூச்செடி விஷயத்தில் கோழிக்காக நான் வாதாட மாட்டேன். கோழி கிளறும், அது அதன் பிறவிக் குணம். பகல் முழுக்கத் திறந்துவிட்டால் கனகாம்பரப் பாத்தி மிஞ்சாது. செடியைச் சுற்றிக் கல் அடுக்கிவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம், கண்ணெதிரே திறந்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் பார்க்கத் தகுந்த நேரம். முதலில் புழுதி குழிந்த இடம் தேடிப் படுத்து, இறக்கையை விரித்து மண்ணை வாரி வாரி மேலே போட்டுக்கொள்ளும். ஒரு காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடிக் கிடக்கும். கோழிப்பேனை உதறும் வழி அது. அடுப்புச் சாம்பல் கொஞ்சம் கலந்து வைத்தால் இன்னும் நல்லது. பிறகு முருங்கை மரத்தடியில் கிளறல். அதன் பிறகு, வெளிச்சம் மங்க மங்க, விரட்ட வேண்டியதே இல்லை, ஒன்றன் பின் ஒன்றாகக் கூண்டுக்குள் ஏறி அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். எந்தக் கோழிக்குக் கழியின் எந்தப் பக்கம் என்பதில் அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. நம் வாசகியின் மகள் பெயர் சொல்லிக் கேட்பது இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால்தான்.

சத்தத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு கறாரானது. வாடகை வீட்டில் சேவல் வேண்டாம். சேவல் இல்லாமல் கோழி முட்டையிடாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். தாராளமாக இடும், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். முட்டையிடும் முன்னும் பின்னும் பெட்டை கொஞ்ச நேரம் கேறும், பகலில் கேட்டு அடங்கிவிடும். விடியுமுன் நாலு மணிக்குக் கூவும் சேவல் அப்படி இல்லை. சிங்கப்பூரில் 2017இல் சின் மிங் அவென்யூ பக்கம் திரிந்த இருபத்து நான்கு கோழிகளை, சத்தம் என்று வந்த புகாருக்குப் பிறகு அரசு அமைப்பு கொன்றுவிட்டது. ஊரே கொதித்தது. புகார் அந்த நிலைக்குப் போக விடாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. குஞ்சு வேண்டும் என்கிறவர்கள் தெரிந்த வீட்டில் சேவலோடு மேய்கிற கோழியின் முட்டை பத்துப் பன்னிரண்டு வாங்கி, உங்கள் கோழி அடைக்கு உட்காரும்போது வைத்தால் 21 நாளில் குஞ்சு. அடைக்கூடையில் நொச்சித் தழை போட்டால் பேன் அண்டாது என்பது மலைக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

நாட்டுக்கோழியிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். பண்ணை லெகார்ன் வருஷத்துக்கு முந்நூறு முட்டை இடும். நாட்டுக்கோழி அறுபது எண்பதுதான். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் நாலு கோழி மாறி மாறி இட்டால் ஒரு சின்னக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் முட்டை கிடைத்துவிடும். முட்டை கூடுதலாக வேண்டும் என்றால் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ரகங்களை விசாரியுங்கள். இரை பெரிய செலவில்லை. கம்பு, சாமை நொய், தவிடு, கீரைக் கழிவு, நொறுக்கிய முட்டை ஓடு. குஞ்சு இருந்தால் பழைய பானையில் ஈரச் சாக்கும் காய்ந்த சாணமும் போட்டுத் தோட்ட மூலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்தால் கரையான் ஏறியிருக்கும், குஞ்சுக்கு அதைவிடச் சத்து இல்லை.

நோய் பற்றி ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கழிச்சல். பச்சையாக, வெள்ளையாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, இரண்டு நாளில் தெருக்கோழி முழுக்கப் போய்விடும். 1920களின் இறுதியில் இமயமலைப் பக்கம் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்றும் சொல்வார்கள். இதற்குத் தடுப்பு மருந்து நமக்கு மிகப் பக்கத்திலேயே தயாராகிறது, 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில். பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் பாட்டி வைத்தியத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று இல்லை. பல கோழிகள் ஒரே நேரத்தில் செத்தால் குட்டையில் வீசாதீர்கள், அறுத்துத் தின்னவும் வேண்டாம், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக இந்தியாவில் தலைகாட்டியதிலிருந்து இது ஊர் நன்மைக்கான கடமை. கோழியைத் தொட்டு விளையாடிய பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அது செல்லமா, கறியா? ஆடி மாதத்தில் படவேட்டு அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய, அது அவரவர் நம்பிக்கை. ஆனால் பிள்ளை பெயர் வைத்து, மடியில் தூக்கி வளர்த்த கோழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் ஆக்கிவிட்டுக் குழம்பு பரிமாறாதீர்கள். பிள்ளைக்கு அது மறக்காது. செல்லம் என்றால் முட்டை நின்ற பிறகும் சோறு போட வேண்டும். கோழி ஐந்தாறு வருஷம், சில நேரம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கே உரிய கஷ்டம் வீடு மாறுவது. அதற்கும் வழி உண்டு. ராத்திரி கழியில் உட்கார்ந்த பிறகு சத்தமில்லாமல் எடுத்துக் கூடையில் வைத்துச் சாக்கால் மூடுங்கள். இருட்டில் கோழி மிரளாது. சாமான் வண்டியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் திணிக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் ஒரு வாரம் கூண்டைத் திறக்கக் கூடாது. அதற்குள் அதுதான் தன் வீடு என்று பழகிக்கொள்ளும். முதல் நாளே திறந்துவிட்டால் தெருவெல்லாம் தேட வேண்டியதுதான்.

தமிழக அரசு பெண்களுக்குப் பாதி விலை மானியத்தில் நாலு வார வயது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் நாற்பது கொடுக்கும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. நல்ல திட்டம். கோழி விற்ற காசும் முட்டைக் காசும் பெண்களின் சொந்தக் கைக்காசாக நின்ற வீடுகளை மலையிலும் அடிவாரத்திலும் நாம் அறிவோம். மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் போளூருக்கு வந்து வாடகைக்கு இருக்கும் பெண்கள் வீட்டை மட்டுமா விட்டு வந்தார்கள்? அந்தச் சின்ன வருமானத்தையும், அதைத் தாங்களே பார்த்துக்கொண்ட தைரியத்தையும் விட்டு வந்திருக்கிறார்கள். நாற்பது வேண்டாம், நாலு கோழி அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

கடிதம் எழுதிய தங்கைக்கு: ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் இந்த வரிகளைச் சேர்க்கலாமா என்று வீட்டுக்கார அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். ‘குடியிருப்பவர் பின்பக்கத் தோட்டத்தில், நகர்த்தக்கூடிய கூண்டில், நான்கு பெட்டைக்கோழிகள் வரை வீட்டுத் தேவைக்கு வளர்க்கலாம். சேவல் கூடாது. தினம் சுத்தம் செய்வதும் தடுப்பூசி போடுவதும் காலி செய்யும்போது தோட்டத்தைப் பழையபடி ஒப்படைப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு. அக்கம்பக்கத்தார் புகார் சொல்லி ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இந்த அனுமதி ரத்து.’

வீட்டுக்காரர்களாக இருக்கும் வாசகர்களே, யாராவது இந்தக் காகிதத்தோடு உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள், போதும்.

அன்புடன்,
ஆசிரியர்